மருமகள் மேசைக்கு விளக்கு மாட்டிய விவரம்

குமணன்சாவடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து.

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி ஜனாப் முகமது இஸ்மாயில் அவர்கள் சமூகத்துக்கு, மஸ்தான் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. கோவில்பதாகையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் தேக சுகத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க வல்ல நாயன் அருள்வானாக. இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற கடிதத்தைப் பொய்யில் ஆரம்பிக்க வேண்டாமே என்று திருத்திச் சொல்கிறேன். என்னையும், உள் அறையில் இருக்கிற மேசையையும், ஒரு அடாப்டரையும் தவிர மற்ற எல்லோரும் சுகம்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். நேற்று உங்களுக்கு இரண்டு தரம் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. கோபமாக இருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். மூன்றாவது தரம் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மேலும் கடிதம் என்றால் நான் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நடுவில் வைத்துவிட முடியாது. உங்கள் மகள் சஹர் புதன்கிழமை முதல் உங்கள் வீட்டில் இருக்கிறாள். ஏன் வந்தாள் என்று வாயைத் திறந்திருக்க மாட்டாள், நீங்கள் வளர்த்த விதம் அப்படி. ஆகவே நடந்ததை நானே ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். திட்டி முடித்ததும் பிள்ளையை அனுப்பி வையுங்கள்.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது என் மகன் பாசித் மெல்ல ஒரு பேச்சை எடுத்தான். சஹரின் கம்பெனியில் அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் தினமும் சோழிங்கநல்லூர் ஆபீஸுக்கே வர வேண்டுமாம். வீட்டிலிருந்துதான் வேலை பார்ப்பேன் என்றால் மேனேஜரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். வீட்டில் அதற்கு வசதி இருக்கிறதா என்று வீடியோவில் பார்த்துத்தான் கொடுப்பார்களாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அந்த மீட்டிங். கிடைக்காவிட்டால் தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அதுவும் ரோடு தோண்டாத நாளில். "அதான் அத்தா, அந்தப் பக்கமே ஒரு ஊடு பாத்துக்கலாமான்னு..." என்று இழுத்தான். இழுத்தவன் முடிக்கவில்லை. சம்பந்தி, உங்களிடம் சொல்வதற்கென்ன, சஹர் இந்த வீட்டுக்கு வந்து பத்து மாதம்தான் ஆகிறது. ஆனால் நாலு மணிக்கு அவள் வேலையை ஒரு கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, இரண்டு டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்க்கிற சீரியலில் வில்லி சொல்வதுதான் நியாயம் என்று என்னோடு வாதாடுவாள். லத்தீஃபா என்னோடு முப்பத்தோரு வருஷமாக இருக்கிறாள், ஒரு சீரியலுக்குக் கூட என்னோடு சண்டை போட்டதில்லை. இவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் லத்தீஃபாவும் டிவியும்தான். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது சஹர் சொன்னாள், ரூம் நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம்தான் குறைவு, வீடியோவில் தன் முகம் ஒரு நிழல் மாதிரி தெரிவதாக. இவ்வளவுதானா விஷயம், வெளிச்சம்தானே என்று எனக்கு உயிர் வந்தது. மறுநாள் காலையிலேயே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு தம்பி தன் கம்ப்யூட்டர் மேசையைச் சுற்றி எல்இடி ஸ்ட்ரிப் என்று ஒரு விளக்கு நாடாவை ஒட்டினார். பத்து நிமிஷ வேலை என்றார். முடிந்ததும் அந்த மேசை நிக்காஹ் மேடை மாதிரி ஜொலித்தது. நீங்கள் கேட்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்த சம்பந்தி ஒருவர் இருக்கும்போது, ஜவுளிக்கடைக்காரன் எதற்கு வயரில் கை வைத்தான் என்று. பெண் கொடுத்த வீட்டாரைக் கூப்பிட்டு, வந்து ஸ்குரூ முடுக்கிக் கொடுங்கள் என்று எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்பான்? அது மரியாதையா? அந்த மரியாதை உங்களுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் செய்தது என்பதை இனிமேல் பாருங்கள்.

குமணன்சாவடி ஜங்ஷனில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற தினகரனிடம் போனேன். அஞ்சு மீட்டர் சுருள் ஒன்றும், அடாப்டரும், ரிமோட்டும் ஒரே பெட்டியில் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார், "அண்ணாத்தே, ஒண்ணு கேட்டுக்கோ. நாடாவுல அங்கங்க கத்தரிக்கோல் படம் போட்டுகீது பாரு, அந்தக் கோட்டு மேலதான் வெட்டணும். தாண்டி வெட்னா அப்புறம் என்னாண்ட வராத." எனக்குச் சுருக்கென்றது. பூந்தமல்லி பஜாரில் நாற்பது வருஷம் கத்தரி பிடித்தவனுக்கு வெட்டச் சொல்லித் தருகிறாரே என்று, பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நம் கடைப் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. எங்கள் அத்தா காலத்திலிருந்தே, கேட்ட அளவுக்கு மேல் நாலு விரல் தள்ளித்தான் கத்தரி வைப்போம். துணி சுருங்கும், தையற்காரர் கை நீளும், வாங்கிப் போனவர் வயிறு எரியக் கூடாது. மேசைக்கு நாலு பக்கம், ஆகவே நாலு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அந்தக் கத்தரிக்கோல் படத்தைக் கண்ணாடி போட்டுக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து, அதிலிருந்து நாலு விரல் தள்ளி, மருமகளுக்குக் குறை வைக்கக் கூடாது என்று தாராளமாக வெட்டினேன். முதல் துண்டு எரிந்தது. மற்ற மூன்றும் எரியவில்லை. ஒரு துண்டை இன்னொன்றோடு இணைக்கிற கிளிப், கோட்டில் இருக்கிற செப்புப் பொட்டைத்தான் கடிக்குமாம். நான் வெட்டிய இடத்தில் பொட்டே இல்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு வெட்கத்தை விட்டுத் திரும்பப் போனேன். தினகரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த பொடவ லேஸுன்னு சொல்லி உன் கடைலயே வித்துடு அண்ணாத்தே" என்றார். புதுச் சுருள் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்தத் தடவை கத்தரியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பாசித்தும் சஹரும் ஆவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல நேரம் என்று ஆரம்பித்தேன். ஆனால் மேசை பார்க்க மங்கலாக இருந்தது, அழுக்கு மேசையில் விளக்கு மாட்டினால் அழுக்குத்தானே தெரியும்? கடையில் தினமும் காலையில் வெட்டுகிற மேசைக்கு மெழுகு தேய்ப்போம், அப்போதுதான் துணி சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அதே மெழுகைக் கொண்டுவந்து மேலே, கீழே, கால், ஓரம் எல்லாம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல் ஆனது. அப்புறம் நாடாவின் முதுகில் இருக்கிற பேப்பரை உரித்து ஒட்டினேன். ஒட்டினேன், விழுந்தது. ஒட்டினேன், விழுந்தது. துணி எப்படி வழுக்குமோ அப்படியே அதுவும் வழுக்கியது. சஹர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. துணிக்காரன் கைக்கு அந்த நேரத்தில் என்ன வரும் சொல்லுங்கள். குண்டூசி. ஒரு டப்பா குண்டூசியால் அஞ்சு மீட்டரையும் மேசையோடு சேர்த்துக் குத்தினேன். குண்டூசி இரும்பு என்று எனக்குத் தெரியும். மின்சாரத்துக்கு இரும்பைப் பிடிக்கும் என்றும் தெரியும். அந்த இரண்டு அறிவும் அன்றைக்கு ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான். மேசை நாலடி, நாடா பதினாறடிக்கு மேல். வெட்டவும் கூடாது. ஆகவே மேசையைச் சுற்றி, நாலு காலிலும் சுற்றி, மானிட்டரைச் சுற்றி, மிச்சத்தை நாற்காலி முதுகில் சுற்றினேன். லத்தீஃபா வந்து வாசற்படியில் நின்று பார்த்தாள். "இன்னாங்க, மேசைக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் எரிந்தது, சம்பந்தி. அதை எழுதாமல் விட்டால் எனக்கு நானே அநியாயம் செய்தவன் ஆவேன். சஹர் வந்து பார்த்து, "மாமா, இதெல்லாம் நீங்களா பண்ணீங்க?" என்று கேட்ட கேள்விக்காக இன்னும் பத்து சுருள் வாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்தாள், விளக்கும் கூடவே அசைந்தது. போட்டோ எடுத்துத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் லத்தீஃபாவோடு கடைத்தெருவுக்குப் போன சமயம், எதற்கும் ஒரு தரம் சரிபார்த்துவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். அதில் நாற்பத்து நாலு பொத்தான். ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் பாட்டுக் குறி போட்ட ஒரு பொத்தானையும் அமுக்கினேன். பாட்டு ஒன்றும் வரவில்லை. விளக்குதான் கொஞ்சம் மங்கியது. மேனேஜர் கண் கூசாமல் இருக்கும், இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது, சத்தம் கேட்டால் விளக்கை ஆட வைக்கிற பொத்தான் என்று அந்த ரிமோட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கே வீட்டில் ஊரடங்குச் சட்டம் போட்டேன். மிக்ஸி போடக் கூடாது என்று லத்தீஃபாவிடம் சொன்னேன். மாடியிலிருந்து காய்கறி வண்டியைக் கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மங்களத்திடம் போய், இன்று ஒரு நாள் இறங்கி வந்து வாங்கம்மா என்று கேட்டுக்கொண்டேன். டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விளக்கு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உள் அறை தெரிகிற மாதிரி ஹாலில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு சஹர் வணக்கம் சொன்னாள். மேசை சிவப்பாக எரிந்தது. மேனேஜர், அபிஷேக் என்று பெயராம், பதில் வணக்கம் சொன்னார். மேசை பச்சையானது. இவள் பேசினால் நீலம், அவர் பேசினால் மஞ்சள், இரண்டு பேரும் சும்மா இருந்தால் மங்கல். இவள் மெதுவாகப் பேசிப் பார்த்தாள், விளக்கும் மெதுவாக ஆடியது. பயத்தில் ஒரு இருமல் வந்தது, மொத்த அஞ்சு மீட்டரும் பளீரென்று அடித்தது. அவர், வீட்டில் ஏதாவது விசேஷமா, வேறு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு ஹாலில் காதில் விழுந்தது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

ரிமோட்டை அமுக்கினேன், கேட்கவில்லை. அதன் சிக்னலை வாங்குகிற சின்னக் கண், மேசைக்குப் பின்னால் சுவரோரமாக இருக்கிறது. முந்தின நாள் போல மேசை மேல் எக்கி அமுக்க முடியாது, சஹர் உட்கார்ந்திருக்கிறாள், ஆகவே மேசைக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். போனேன். பனியன், கைலி, தலையில் தொப்பி. கேமராவில் நான் தெரிவேனா என்று யோசிக்கவில்லை. பிறகு பாசித் சொன்னான், நான் முழுசாகத் தெரிந்தேனாம், போகும்போது ஒரு தரமும், வழி தவறித் திரும்பும்போது ஒரு தரமும். பாதி தூரத்தில் மெழுகு தன் வேலையைக் காட்டியது. மேசை ஓரத்து நாடா குண்டூசியோடு கழன்று என் கழுத்தில் மாலையாக விழுந்தது. என் கழுத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறம் மாறியது. பதறி நிமிர்ந்தேன், தலை மேசையில் இடித்தது, ஏதோ ஒரு குண்டூசி போகக் கூடாத இடத்துக்குப் போனது, டப் என்றது. அடாப்டர் புகைந்தது. வீட்டு மெயின் விழுந்தது. ஃபேன் நின்றது, வைஃபை நின்றது, மேனேஜரும் நின்றுபோனார். அது தெரியாமல் அந்த இருட்டில் மேசைக்கு அடியிலிருந்து நான் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நீ பேசும்மா, நான் போயிடறேன்."

சஹர் குனிந்து கையைக் கொடுத்தாள். "பரவாயில்ல மாமா. மெதுவா வாங்க, திரும்ப இடிச்சுக்கப் போறீங்க" என்றாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நாற்பது வருஷமாக நான் துணி விற்றவன். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்தால் பயப்பட மாட்டேன், இன்னும் பத்து பிரிப்பேன். சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தால், அவர் திரும்பி வர மாட்டார் என்று அர்த்தம். மறுநாள் காலையில் சஹர் லேப்டாப்பையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு, போய்ட்டு வரேன் மாமா என்று சொல்லிவிட்டு பாசித்தின் வண்டியில் ஏறிவிட்டாள். ரெண்டு மூணு நாள் அங்க இருந்து வேல பாக்கட்டும் அத்தா என்று மட்டும் அவன் சொன்னான். அன்றிலிருந்து கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்பதோடு சரி. லத்தீஃபாவோ ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்கிறாள். நாலு மணிக்கு நானே டீ போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதிக்குமேல் குடிக்க முடியவில்லை. சீரியலில் அந்த வில்லி நேற்று பேசியது எனக்கே நியாயமாகப் பட்டது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

சம்பந்தி, தப்பெல்லாம் என்னுடையது. மேனேஜர் நம்பரைக் கொடுத்தால் நானே பேசி, பிள்ளை மேல் குற்றம் இல்லை என்று சொல்கிறேன். அனுமதி கிடைக்காமல் போய், அவர்கள் சோழிங்கநல்லூரிலேயே வீடு எடுத்தாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஜன்னலுக்குத் திரைத் துணி நானே வெட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆனால் இந்த வீட்டிலிருந்து ஒரு பெண் மனம் நொந்து போனாள் என்று மட்டும் இருக்கக் கூடாது. அவள் ஒரு தரம் வந்து, என்னை முகத்துக்கு நேராக நன்றாகத் திட்டிவிட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்.

தங்கள் இல்லத்தில் ரஹ்மத்தும் பரக்கத்தும் குறைவின்றி நிறையட்டும். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேறட்டும். தங்களுக்கும் அவர்களுக்கும் லத்தீஃபாவின் ஸலாம். சஹருக்கு என் துஆவும், ஒரு பெரிய மன்னிப்பும்.

என்றும் தங்கள் நலம் வேண்டும்,
மஸ்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, செருப்பை மாட்டும்போது வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து சஹர் இறங்கினாள். பின்னால் பாசித், அவன் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மேசை. அனுமதி செவ்வாய்க்கிழமை மத்தியானமே கிடைத்துவிட்டதாம். மேனேஜர் போனில் கூப்பிட்டு, மேசைக்கு அடியில் போனது யார் என்று கேட்டாராம். எங்க மாமா, எனக்கு லைட் சரி பண்றார் என்று இவள் சொன்னாளாம். உனக்காக மேசைக்கு அடியில் தவழுகிற ஆள் வீட்டில்தான் இருக்கிறார், ஆபீஸில் அப்படி யாரும் இல்லை, நீ அங்கேயே இரு என்று சொல்லிவிட்டாராம். ஆனால் மெழுகு போட்ட மேசையில் லேப்டாப் நிற்க மாட்டேன் என்கிறது, குண்டூசி வேறு முட்டியில் குத்துகிறது என்று, காலேஜ் நாளிலிருந்து அவள் படித்த அந்த மேசையை எடுத்து வரத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தாளாம். இது பாசித்துக்குத் தெரியும், லத்தீஃபாவுக்குத் தெரியும். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று லத்தீஃபாவிடம் கேட்டேன். "சொன்னா அந்த மேசைக்கும் ஒரு சுருள் வாங்கி வெச்சிருப்பீங்க" என்றாள். உங்களுக்கும் தெரியும். நீங்கள் நேற்று போனை எடுக்காதது கோபத்தில் இல்லை, கையில் ஸ்பேனரோடு மேசைக் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தீர்களாம்.

சந்தோஷத்தில் எனக்கு நிலை கொள்ளவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் சஹரிடம் கேட்டேன், மேசையை எடுத்து வரும்போது உங்க அத்தா என்ன சொன்னார் என்று. "ஒண்ணும் சொல்லல மாமா. ஒரு பக்கம் அவரே புடிச்சு வண்டில ஏத்துனார். அப்புறம் உள்ள போய் ரூமைப் பெருக்குனார்." அதைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பக்கத்துக்கு என் பிள்ளையை அனுப்புங்கள், என் பிள்ளையை அனுப்புங்கள் என்று உங்களுக்கே எழுதியிருக்கிறேன் சம்பந்தி. பத்து மாதத்துக்கு முன்னால் நீங்கள் அனுப்பியதுதானே அவள். அன்றைக்கு உங்கள் வீட்டில் நாலு மணி எப்படி இருந்தது என்று நான் ஒரு தரமும் கேட்டதில்லை. கிழிக்க வேண்டிய கடிதத்தை அதற்காகத்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். அந்த அறையில் வேறு எதையும் போட்டு அடைக்காதீர்கள். இங்கே இருக்கிற மேசையை மெழுகைச் சுரண்டி, குண்டூசியைப் பிடுங்கி ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுவந்து போடுகிறேன். மாதத்தில் ஒரு வாரம் சஹர் உங்களோடு இருந்து வேலை பார்க்கட்டும். அவளிடம் சொல்லிவிட்டேன், பாசித்தும் சரி என்றுவிட்டான். அந்த ஒரு வாரத்தை நாங்கள் எப்படியும் தள்ளிவிடுவோம்.